சாப்பாட்டு மேசைக் கேள்விக்கு 40 புள்ளி

கேள்வி: தங்கச்சி, நாங்கள் ஹரோவில் இருக்கிறோம். மகள் இயர் 11 படிக்கிறாள். உயிரியல், இரசாயனத்தோடு கணிதமும் எடுத்து மருத்துவத்துக்குப் போவாள் என்று இருந்தோம். இப்போது கணிதம் வேண்டாம், ‘சமயம், மெய்யியல், ஒழுக்கவியல்’ எடுக்கப்போகிறேன் என்று நிற்கிறாள். சமயம் படித்து யார் டொக்டராக வந்தது? ரியூஷன் நடத்துகிறவர் அந்தப் பாடத்தை யூனிவர்சிட்டிகள் கணக்கிலேயே எடுக்காது என்கிறார். அதைவிட இன்னொரு பயமும் இருக்கிறது. போன மாதம் என் அண்ணாவின் பேரக்குழந்தை தவறிவிட்டது, ஒரு வயதுகூட ஆகவில்லை. ‘எல்லாம் முற்பிறப்பு வினை’ என்று மனைவி சொன்னா. சாப்பிட்டுக்கொண்டிருந்த மகள் ‘ஒரு வயதுக் குழந்தை என்ன வினை செய்தது?’ என்று கேட்டாள். கோபத்தில் சத்தம் போட்டுவிட்டேன். இந்தப் பாடத்தையும் படித்தால் இன்னும் என்னென்ன கேட்பாளோ. பாடம் முழுக்கக் கிறிஸ்தவம் என்றும் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?
– ஒரு தந்தை, ஹரோ

பதில்:

அண்ணா, முதலில் அந்தக் குழந்தையின் வீட்டாருக்கு என் அனுதாபத்தைச் சொல்லிவிடுங்கள்.

நீங்கள் தங்கச்சி என்று எழுதியதால் நானும் கொஞ்சம் உரிமையோடு எழுதுகிறேன். உங்கள் கடிதத்தில் மூன்று பயம் தெரிகிறது. மருத்துவம் கைவிட்டுப் போகுமோ, பாடத்துக்கு மதிப்பில்லையோ, பிள்ளை கோயிலை விட்டுவிடுவாளோ. பதினாறு வருடமாக லண்டனில் சிக்ஸ்த் ஃபார்ம் (16–18 வயது) பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தைத்தான் படிப்பிக்கிறேன். பெற்றோர் மாலைகளில் இந்த மூன்றையும் எத்தனை தரம் கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. உண்மையில் யோசிக்கவேண்டிய நான்காவது விஷயம் ஒன்று இருக்கிறது, அது உங்கள் கடிதத்தில் இல்லவே இல்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

பெயரில் தொடங்குவோம். பள்ளிக்கூடங்கள் இந்தப் பாடத்துக்கு ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கின்றன. ‘சமயம்’ என்ற சொல்லைக் கண்டால் பிள்ளைகள் வரமாட்டார்கள் என்று அதைப் பின்னுக்குத் தள்ளி, மெய்யியலையும் ஒழுக்கவியலையும் முன்னுக்கு வைக்கிற பள்ளிக்கூடங்கள் உண்டு. எங்களுடையதும் அப்படித்தான். விளம்பரத்தில் என்ன பெயர் இருந்தாலும் பல்கலைக்கழகத்துக்குப் போடுகிற யூகாஸ் விண்ணப்பத்திலும் சான்றிதழிலும் வரப்போவது ‘ரிலிஜியஸ் ஸ்டடீஸ்’. ‘ஃபிலாசஃபி’ என்று தனியாக இன்னொரு ஏ லெவல் இருக்கிறது. அதை ஏக்யூஏ பரீட்சைச் சபை மட்டும்தான் நடத்துகிறது. அறிவு, அறம், கடவுள், மனம் என்று நான்கு பகுதி. சமய நூலோ சமய வரலாறோ அதில் வராது. மகளின் பள்ளிக்கூடத்தில் இரண்டும் இருந்தால் அவள் சொல்வது எதை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி, அந்த டொக்டர் விஷயம்.

நீங்களும் நானும் இலங்கையில் படித்த உயர்தரத்தில் பிரிவு இருந்தது. உயிரியல் பிரிவுக்காரர் இந்து நாகரிகம் எடுக்க வழியில்லை, அது எங்களைப் போன்ற கலைப்பிரிவுக்காரருக்கு. கலைப்பிரிவு என்றால் ஊர் எந்தக் கண்ணால் பார்க்கும் என்பது எனக்கு நல்லாகவே தெரியும். ‘பிள்ளைக்குக் கணக்கு ஓடாதோ?’ என்று என் அம்மாவிடம் கேட்காத சொந்தக்காரர் இல்லை. உங்கள் பயத்தின் பாதி அங்கேயிருந்துதான் கப்பல் ஏறி வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். இங்கே பிரிவு கிடையாது. இரசாயனத்துக்குப் பக்கத்தில் சமயமும், பௌதிகத்துக்குப் பக்கத்தில் ஓவியமும் எடுக்கலாம். யூகாஸ் புள்ளிக் கணக்கில் ஏ ஸ்டாருக்கு 56, ஏ-க்கு 48. எந்தப் பாடத்தில் எடுத்தாலும் அதேதான்.

மருத்துவத்துக்குப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் இரசாயனமும் உயிரியலும் கேட்கின்றன. சில இடங்களில் இரண்டில் ஒன்றும் கூடவே வேறொரு அறிவியலும் போதும். மூன்றாவது பாடத்தைப் பொதுவாகப் பிள்ளையின் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறார்கள். ஏற்கமாட்டோம் என்று வழக்கமாகச் சொல்வது ஜெனரல் ஸ்டடீஸ், கிரிட்டிக்கல் திங்கிங் போன்றவற்றை. கேம்பிரிட்ஜ் மட்டும் வேறு கதை. அங்கே மருத்துவத்துக்குப் போகிறவர்களில் அநேகம் பேர் மூன்றோ நான்கோ அறிவியல், கணிதப் பாடங்களோடுதான் போகிறார்கள். மகளின் மனதில் கேம்பிரிட்ஜ் இருந்தால் கணிதத்தை விடுவதற்கு முன் நன்றாக யோசிக்கட்டும். மற்றபடி, அவள் விண்ணப்பிக்க நினைக்கிற நாலைந்து இடங்களின் சொந்த இணையப் பக்கங்களைத் திறந்து, அனுமதி நிபந்தனையை உங்கள் கண்ணாலேயே வாசியுங்கள். அரை மணித்தியால வேலை. ரியூஷன்காரரின் சொல்லும் வேண்டாம், என் சொல்லும் வேண்டாம்.

அவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை, பழைய கதை. ரஸல் குரூப் என்ற முன்னணிப் பல்கலைக்கழகங்கள் முன்பு ஒரு பட்டியல் வைத்திருந்தன. கணிதம், பௌதிகம், இரசாயனம், உயிரியல், ஆங்கில இலக்கியம், வரலாறு, புவியியல், மொழிகள் ஆகியவை மற்றப் பாடங்களைவிட அதிகக் கதவைத் திறக்கும் என்றார்கள். சமயம் அதில் இருக்கவில்லை. ‘பட்டியலில் இல்லாதது மதிப்பில்லாதது’ என்று பெற்றோரும் பள்ளிக்கூடங்களும் எடுத்துக்கொண்டதால் குழப்பம் கூடி, 2019-இல் அந்தப் பட்டியலையே கைவிட்டார்கள். கைவிட்ட செய்தி சில ரியூஷன் வகுப்புகளுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.

ஆனால் உங்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. கணிதத்தை விட்டால் சில கதவுகள் உண்மையாகவே மூடும்: பொறியியல், பௌதிகம், நல்ல பல்கலைக்கழகங்களில் பொருளியல், பெரும்பாலான இடங்களில் கணினி அறிவியல். மருத்துவம் கிடைக்காத பிள்ளைகள் நிறையப் பேர். அப்போது உயிரியல், இரசாயனம், சமயம் என்ற மூன்றோடு பயோமெடிக்கல், மருந்தியல், பல் மருத்துவம், சட்டம், மெய்யியல், உளவியல் எல்லாம் போகலாம், பொறியியலுக்குப் போகமுடியாது. ‘பொறியியல் வேண்டவே வேண்டாமா?’ என்று மகளிடம் நேரே கேளுங்கள். வேண்டாம் என்றால் அந்தக் கதவு மூடியதைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. நான்கு பாடம் எடுக்கட்டும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பல்கலைக்கழகங்கள் மூன்றுக்குத்தான் இடம் தருகின்றன. மூன்று ஏ எடுக்கக்கூடிய பிள்ளை நான்கை எடுத்து நான்கிலும் பி வாங்கி நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

சமயம் படித்தால் மருத்துவ நேர்முகத்தில் வெல்லலாம் என்று எந்தப் பள்ளிக்கூடமாவது விளம்பரம் பண்ணினால் அதையும் அப்படியே நம்பவேண்டாம். நேர்முகத்தில் ‘தாய்க்குத் தெரியாமல் கருத்தடை மாத்திரை கேட்டு 15 வயதுப் பிள்ளை வந்தால் என்ன செய்வாய்?’ என்ற மாதிரிக் கேள்வி வரும். விளங்கிக்கொள்ளும் பக்குவம் இருந்தால் 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையும் தானே சிகிச்சைக்குச் சம்மதிக்கலாம் என்று, கில்லிக் வழக்கில் 1985-இல் பிரபுக்கள் சபை (அப்போதைய உச்ச நீதிமன்றம்) சொன்ன தீர்ப்பு அதற்குத் தெரிந்திருக்கவேண்டும். அதைவிட, எதிரே இருப்பவர் ‘ஏன்?’ என்று மூன்றாம் தரம் கேட்கும்போது தடுமாறாமல் இருக்கவேண்டும். முதலாவதை ஒரு மாலையில் வாசித்து அறியலாம். இரண்டாவதற்கு என் வகுப்பு உதவும், அவ்வளவுதான். அங்கே போய் மெய்யியலாளர் காண்டின் பெயரைச் சொல்லிவிட்டுச் சும்மா இருந்தால் ஒரு புள்ளியும் வராது.

இனிப் பாடத்துக்குள் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். பெற்றோர் யாரும் இதைக் கேட்பதில்லை, பலனைத்தான் கேட்கிறார்கள். நாங்கள் எடுப்பது ஓசிஆர் என்ற பரீட்சைச் சபையின் பாடத்திட்டம். அதில் மூன்று வினாத்தாள். முதலாவது சமய மெய்யியல்: பிளேட்டோவும் அரிஸ்டோட்டிலும், உடலும் உயிரும் ஒன்றா வேறா, கடவுள் இருக்கிறார் என்பதற்கான வாதங்கள், தீமை என்ற பிரச்சினை, சமய அனுபவம், கடவுளைப் பற்றி மனித மொழியில் பேசமுடியுமா. இரண்டாவது ஒழுக்கவியல்: தோமஸ் அக்குவினாஸின் இயற்கைச் சட்டம், காண்டின் கடமை, பெந்தாமும் மில்லும் சொன்ன பயன், மனச்சாட்சி, கருணைக்கொலை, வியாபார ஒழுக்கம், பாலியல் ஒழுக்கம். மூன்றாவது ஒரு சமயத்தின் சிந்தனை வளர்ச்சி. எல்லாமே இரண்டு வருட முடிவில் எழுத்துச் சோதனைதான். வீட்டில் செய்து கொடுக்கும் வேலை எதுவும் கணக்கில் வராது.

கருணைக்கொலைப் பாடத்தை நான் எப்போதும் டோனி பிளாண்டில் தொடங்குவேன். 1989-இல் ஹில்ஸ்பரோ உதைபந்தாட்ட மைதான நெரிசலில் மூளை சிதைந்த இளைஞன். கண் திறந்திருக்கும், ஆனால் உணர்வு இல்லை, குழாய் வழியாகத்தான் சாப்பாடு. அந்தக் குழாயை எடுக்கலாமா என்ற கேள்வி 1993-இல் பிரபுக்கள் சபைவரை போனது. குழாயால் ஊட்டுவதும் சிகிச்சைதான், பயனில்லாத சிகிச்சையை நிறுத்துவது கொலையாகாது என்று தீர்த்தார்கள். வகுப்பில் ஒரு பத்து நிமிடம் எல்லோரும் சரி என்பார்கள். பிறகு யாராவது ஒரு பிள்ளை, பெரும்பாலும் பின் வரிசையில் இருப்பது, ‘மிஸ், பட்டினி போடலாம், ஊசி போடக்கூடாது, இதில் எது கருணை?’ என்று கேட்கும். அதற்குப் பிறகு மணி அடித்தாலும் ஒருவரும் எழும்பமாட்டார்கள். 2025 ஜூனில் நாடாளுமன்ற மக்களவை, உயிர் பிரியப்போகும் நோயாளிகள் தாமாக விரும்பிச் சாக உதவும் மசோதாவை 314-க்கு 291 என்று நிறைவேற்றியபோது, என் பிள்ளைகள் அந்த விவாதத்தைப் பார்த்துவிட்டு, யார் அக்குவினாஸின் வாதத்தைப் பெயர் சொல்லாமலே பேசினார் என்று அடையாளம் போட்டுக்கொண்டு வந்தார்கள்.

சரி, உங்கள் சாப்பாட்டு மேசைக்கு வருகிறேன்.

அண்ணா, உங்கள் மகள் கேட்ட கேள்வி அடங்காப்பிடாரித்தனம் இல்லை. அது முதல் வினாத்தாளில் 40 புள்ளிக்கு வருகிற கேள்வி. எல்லாம் வல்லவர், எல்லையில்லாத அன்புள்ளவர் என்று ஒரு கடவுள் இருந்தால் குற்றமில்லாத குழந்தை ஏன் சாகவேண்டும்? வல்லமை, அன்பு, தீமை மூன்றையும் ஒன்றாகச் சொன்னால் தர்க்கம் உடைகிறது என்று 1955-இல் மக்கி என்ற மெய்யியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். அதற்கு 1966-இல் ஜோன் ஹிக் ஒரு விடை சொன்னார். மனிதர் முழுமையாகப் படைக்கப்படவில்லை, பக்குவப்படும் வழியில் இருக்கிறோம், துன்பமில்லாத உலகத்தில் பொறுமையும் இரக்கமும் முளைக்காது என்றார். கடவுள் தன்னைக் கொஞ்சம் மறைத்தே வைத்திருக்கிறார், பளிச்சென்று முன்னால் நின்றால் நமக்குச் சுதந்திரமே இருக்காது என்றும் சொன்னார்.

இங்கேதான் உங்கள் மகளின் கேள்வி கத்தி மாதிரி இறங்குகிறது. துன்பம் ஆன்மாவைப் பக்குவப்படுத்தவென்றால், ஒரு வயதில் போன குழந்தை எதைப் பக்குவப்படுத்தியது? அவகாசமே கிடைக்கவில்லையே? ஹிக் அதற்கும் விடை வைத்திருக்கிறார்: இறப்போடு பயணம் முடியவில்லை, அப்பாலும் தொடர்கிறது. அது தப்பித்துக்கொள்ளும் விடையா, அவருடைய வாதத்துக்கு உள்ளேயிருந்தே வருகிற விடையா என்று தீர்ப்புச் சொல்வதுதான் பிள்ளையின் வேலை.

இதை வாசிக்கும்போது உங்களுக்கு எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கவேண்டும். எனக்கும் முதல்முறை ஹிக்கைப் படித்தபோது அப்படித்தான் இருந்தது. சைவ சித்தாந்தத்தில் இறைவனின் ஐந்தொழிலில் ஒன்று மறைத்தல். உயிருக்கு உடலையும் உலகத்தையும் கொடுத்து, வினைப்பயனை நுகர விட்டு, மலம், அதாவது உயிரைக் கட்டிய அழுக்கு, பக்குவப்படும்வரை தன்னை மறைத்து நிற்பது. அந்த மறைப்பும் அருள்தான் என்கிறார்கள். மலபரிபாகம் என்று பாடமாக்கினோமே, அது. ஹிக் சித்தாந்தம் படித்துவிட்டு எழுதினார் என்று நான் சொல்லவில்லை. ஒரே கேள்வியோடு போராடியவர்கள் ஒரே இடத்துக்கு வந்து நிற்கிறார்கள். இன்னொன்று: சித்தாந்தத்தின் மூல நூலான சிவஞானபோதத்தின் முதல் சூத்திரம், ‘அவன் அவள் அது’ என்று தொடங்குவது, தோன்றி நின்று ஒடுங்கும் உலகத்துக்கு ஒரு முதல் இருக்கவேண்டும் என்று வாதிடுகிறது. அதே பதின்மூன்றாம் நூற்றாண்டில் இத்தாலியில் பிறந்த அக்குவினாஸ், கடவுள் இருக்கிறார் என்று காட்டச் சொன்ன ஐந்து வழிகளில் செய்வதும் கிட்டத்தட்ட அதுதான். நாங்கள் ஊரில் சூத்திரத்தை மனனம் பண்ணினோம். அது ஒரு வாதம், அதை எதிர்த்தும் பேசலாம் என்று ஒருவரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

வினை என்ற விடையையும் அதே தராசில் வைக்கலாம். அது ‘குற்றமில்லாத குழந்தை’ என்ற தொடக்கத்தையே மறுக்கிறது: உயிர் பழையது, உடல்தான் புதியது. கெட்டிக்கார விடை. இந்தச் சிக்கலுக்கு உலகத்தில் சொல்லப்பட்ட விடைகளில் மிகவும் ஒழுங்கானவற்றில் ஒன்று. ஆனால் நினைவில்லாத பிறவியின் கணக்கை நினைவில்லாத குழந்தையிடம் வாங்குவது நீதியா என்ற கேள்வியும் அதனோடேயே பிறக்கிறது. அதோடு, எனக்குத் தோன்றுவதையும் சொல்லிவிடுகிறேன், அண்ணி கோபிக்கக்கூடாது. வினைக் கோட்பாடு புத்தகத்தில் தத்துவம். செத்த வீட்டில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் காதில் அது வேறு மாதிரி விழும். உங்கள் மகள் கோட்பாட்டை எதிர்த்தாளோ, அந்தத் தாய்க்காகப் பேசினாளோ, யாருக்குத் தெரியும்? நீங்கள்தான் கேட்கவேண்டும். 2009 மே மாதத்தில், போரின் முடிவில், இதே கேள்வியை எத்தனை வீடுகளில், எத்தனை பேர், சாமிப்படத்துக்கு முன்னால் நின்று கேட்டோம் என்பது உங்களுக்கும் நினைவிருக்கும்.

பாடம் முழுக்கக் கிறிஸ்தவம் என்று சொன்னவர்கள் பாதி சரி. மூன்றாவது வினாத்தாளுக்குப் பள்ளிக்கூடம் ஒரு சமயத்தைத் தேர்ந்தெடுக்கலாம். ஓசிஆரில் கிறிஸ்தவம், இஸ்லாம், யூதம், பௌத்தம், இந்து சமயம் ஐந்தும் இருக்கின்றன. நான் பார்த்த பள்ளிக்கூடங்கள் பெரும்பாலும் கிறிஸ்தவத்தையே எடுக்கின்றன, ஆசிரியர்கள் அதைத்தான் படித்திருக்கிறார்கள். நாங்களும் அப்படித்தான். அதில் என்ன இருக்கிறது? மனித இயல்பு பற்றி அகஸ்டீன் சொன்னது. ஹிட்லரை எதிர்த்து 1945 ஏப்ரலில் தூக்கில் போடப்பட்ட போன்ஹோஃபர் என்ற பாதிரியார், அரசுக்குக் கீழ்ப்படிவதா கடவுளுக்கா என்று எழுதியது. மற்றச் சமயத்தாருக்கு மீட்சி உண்டா என்ற விவாதம். கடவுளை ஆணாகவே பேசுவது ஏன் என்று கேட்கும் பெண்ணியச் சிந்தனையாளர்கள். கடைசியில் சமயமே ஒரு நோய் என்ற ஃப்ரொய்ட்வரை வருகிறார்கள். மதம் மாற்றுவதற்கென்று எழுதிய பாடத்திட்டத்தில் ஃப்ரொய்டுக்கும் மார்க்ஸுக்கும் என்ன வேலை?

என் வகுப்பில் இப்போது முஸ்லிம் பிள்ளைகள், போலந்துக் கத்தோலிக்கர், நம்மவர், குஜராத்திகள், எதுவுமே இல்லை என்பவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். பதினாறு வருடத்தில் இந்தப் பாடத்தால் மதம் மாறிய ஒருவரையும் நான் காணவில்லை. கோயிலுக்குப் போவதை நிறுத்தியவர்கள் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் பேசிப் பார்த்தால் அவர்கள் வகுப்புக்கு வருமுன்பே மனதால் நிறுத்தியவர்கள், வகுப்பில் அதைச் சொல்லத் தைரியம் வந்தது. மறுபக்கமும் இருக்கிறது. வருடாவருடம் தேருக்கு அம்மா இழுத்துக்கொண்டு போன பிள்ளை, ஏ லெவல் இரண்டாம் வருடத்தில் தானாகவே ஐயரிடம் போய் ஏதோ கேட்டுக்கொண்டு நின்றது. ஐயருக்குத்தான் பாவம், பதில் வரவில்லை.

இனி நான் சொன்ன நான்காவது விஷயம்: எழுத்து.

இயர் 11 முடிவில் எழுதும் ஜிசிஎஸ்ஈ பரீட்சையில், சமயபாடத்தில் உங்கள் மகளுக்கு எட்டோ ஒன்பதோ வரலாம். அதை வைத்து ஏ லெவலை எடைபோடாதீர்கள். அங்கே மிகப் பெரிய கேள்விக்கு, சபையைப் பொறுத்து, 12 அல்லது 15 புள்ளி. ஒரு பக்கம் சார்பாக, ஒரு பக்கம் எதிராக, கடைசியில் ஒரு முடிவு வரி, முடிந்தது. இங்கே ஒரு வினாத்தாளுக்கு இரண்டு மணித்தியாலம், நான்கு கேள்வியில் மூன்றுக்கு விடை, ஒவ்வொன்றும் 40 புள்ளிக் கட்டுரை. கட்டுரைக்கு 40 நிமிடம். மூன்று வினாத்தாளுக்கும் சேர்த்து ஒன்பது கட்டுரை. அந்த 40-இல் தெரிந்ததைச் சொல்வதற்கு 16 புள்ளிதான். மிச்சம் 24-உம் ஆராய்ந்து வாதிடுவதற்கு.

நம்முடைய பிள்ளைகள் விழுவது சரியாக இந்த இடத்தில்தான். உயிரியலில் நன்றாகப் பாடமாக்கிப் பழகிய பிள்ளை பிளேட்டோவையும் அப்படியே பாடமாக்கும். குகைக் கதையை இரண்டு பக்கம் அழகான கையெழுத்தில் எழுதிவிட்டு, கடைசியில் ‘இருந்தாலும் அரிஸ்டோட்டில் இதை ஏற்கவில்லை’ என்று ஒரு வரி. முதல் பகுதிக்கு 13, இரண்டாவதற்கு 8. பிள்ளை அழும், அப்பா எனக்கு மின்னஞ்சல் எழுதுவார்.

வித்தியாசம் எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன். ஒரு பிள்ளை எழுதும்: ‘துன்பம் நம்மை வளர்க்கிறது என்கிறார் ஹிக். மக்கி அதை ஏற்கவில்லை. ஆகவே இரு பக்கத்திலும் நியாயம் உண்டு.’ இன்னொரு பிள்ளை எழுதும்: ‘ஹிக்கின் விடை வாழ்ந்து துன்பப்பட்டவருக்குப் பொருந்தும், வாழவே தொடங்காத குழந்தைக்குப் பொருந்தாது. மறுமை என்ற துணை இல்லாமல் அவருடைய வாதம் நிற்காது. ஆனால் மறுமையை நம்பாதவரைச் சமாதானப்படுத்தத்தானே அவர் வாதத்தைத் தொடங்கினார்?’ இரண்டாவது பிள்ளைக்குத் தெரிந்த தகவல் முதல் பிள்ளையைவிட அதிகமில்லை. அது எதிராளியின் வாதத்தை எடுத்து, எந்தச் செங்கல்லில் சுவர் நிற்கிறது என்று பார்த்து, அதைத் தட்டியிருக்கிறது.

இது ஆங்கிலேயர் கண்டுபிடித்த வித்தை என்று நினைக்கவேண்டாம். சிவஞானசித்தியார் என்ற சித்தாந்த நூலுக்குப் பரபக்கம் (பிறர் தரப்பு), சுபக்கம் (தன் தரப்பு) என்று இரண்டு பகுதி. பரபக்கத்தில் நூலாசிரியர் அருணந்தி சிவாசாரியார், கடவுளை மறுக்கும் உலகாயதரிலிருந்து தொடங்கி ஒவ்வொரு மதத்தாரையும் அவர்கள் தரப்பிலேயே பேசவிட்டு, பிறகுதான் மறுப்பார். எதிராளியைச் சரியாகச் சொல்லத் தெரியாதவனுக்கு மறுக்கத் தகுதியில்லை என்ற ஒழுங்கு அது. மணிமேகலையும் வஞ்சியில் ஒவ்வொரு சமயக்கணக்கராகப் போய்க் கேட்ட பிறகுதான் தன் வழிக்கு வருகிறாள். என் பிள்ளைகளுக்கு நான் பரபக்கம் என்ற சொல்லைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஒரு நைஜீரியப் பையன் விடைத்தாள் ஓரத்தில் ‘பரபக்கம்’ என்று ஆங்கில எழுத்தில் குறித்துவைத்து எழுதுகிறான்.

ஆகவே முடிவெடுக்குமுன் மகளை ஒன்று செய்யச் சொல்லுங்கள். ஒரு சனிக்கிழமை, கைத்தொலைபேசியை உங்களிடம் தந்துவிட்டு, பேனாவும் தாளும் எடுத்து, 40 நிமிடம் ஒரே கேள்விக்கு எழுதட்டும்: ‘குழந்தையின் இறப்பை எந்தச் சமயத்தாலும் விளக்கமுடியாது. ஆராய்க.’ பாடம் தெரியவேண்டியதில்லை. 40 நிமிடம் முடியும்போது ‘இன்னும் பத்து நிமிடம் தாங்கோ’ என்று கேட்டால் பாடத்தை எடுக்கட்டும். பதினைந்தாம் நிமிடத்தில் பேனாவை மூடினால், அவளுக்குப் பிடித்தது விவாதம்தான், எழுத்து இல்லை. விவாதம் பிடித்த எத்தனையோ பிள்ளைகள் என் வகுப்பில் வாயால் ஏ ஸ்டாரும் தாளில் சி-யும் எடுத்திருக்கிறார்கள்.

பள்ளிக்கூடத்தின் திறந்த மாலைக்குப் போகும்போது எந்தச் சபையின் பாடத்திட்டம், மூன்றாவது வினாத்தாளுக்கு எந்தச் சமயம், மாதத்துக்கு எத்தனை கட்டுரை எழுதித் திருத்துவார்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு ஆசிரியர் மழுப்பினால் அந்தப் பள்ளிக்கூடத்தில் இந்தப் பாடம் வேண்டாம். செப்டெம்பரில் முதல் சில வாரத்துக்குள் பாடம் மாற விடுவார்களா என்பதையும் கேட்டுவையுங்கள். அநேகமாக விடுவார்கள்.

நேரம் கிடைத்தால் ஒரு நாள் இரண்டு பேருமாக லண்டனில் யூசிஎல் பல்கலைக்கழகப் பக்கம் போய்வாருங்கள். 1832-இல் செத்துப்போன, பயன் பற்றிச் சொன்ன அந்த ஜெரமி பெந்தாம், தன் உயிலில் எழுதிவைத்தபடி, உடுப்புப் போட்டுத் தொப்பி வைத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் இன்றும் உட்கார்ந்திருக்கிறார். உள்ளே எலும்புக்கூடு அசல், தலை மட்டும் மெழுகு. செத்த பிறகும் ஏதாவது பயன்படவேண்டும் என்ற அவருடைய கொள்கையை அவரே கடைப்பிடித்திருக்கிறார். அதற்கு முன்னால் நின்று நீங்கள் இருவரும் என்ன பேசுகிறீர்கள் என்று பார்க்க எனக்கு ஆசை.

சத்தம் போட்டது பற்றி எழுதியிருந்தீர்கள். அது மனதில் இருப்பதால்தானே கடிதத்தில் வந்தது. மகளிடம் ‘அந்தக் கேள்விக்கு எனக்கும் விடை தெரியாது பிள்ளை’ என்று சொல்லிப் பாருங்கள். அப்பாமார் அதைச் சொல்வது கஷ்டம், என் அப்பா கடைசிவரை சொல்லவில்லை.

அவள் அந்த 40 நிமிடக் கட்டுரையை எழுதினால் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், திருத்தி அனுப்புகிறேன். பச்சைப் பேனாவால்தான். சிவப்பு மை பிள்ளைகளின் மனதைப் புண்படுத்தும் என்று எங்கள் பள்ளிக்கூடத்தில் நிறுத்திவிட்டார்கள்.